நாற்பத்து நான்கு பைட்

அத்தியாயம் 14

சண்முகரத்தினத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விட்டுவிட்டு இரண்டு வாரமாக ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்டு வாசகி ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். மனிதர் பிழைத்துவிட்டார். வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. ஆனால் தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். பேச்சு இல்லை. இனிமேலும் வராது.

அதற்குத்தான் தாரா ஒரு வழி செய்து வைத்திருந்தாள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். தாரா அவருடைய மகள். வயது முப்பத்தொன்று. சுங்கை வேயில் ஒரு சின்னக் கம்பெனியில் கைப்பேசிக்கு ஆப் எழுதுகிறவள். அப்பாவின் குரல் போவதற்குள் அதைச் சேமித்து வைக்கத் தானே ஒரு ஆப் எழுதினாள். திரையில் ஒரு வாக்கியம் வரும். அப்பா வாசித்துவிட்டு 'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்துவார். மொத்தம் அறுநூறு வாக்கியங்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுக் கணினி அவர் குரலைப் பழகிக்கொள்ளும். அதன்பிறகு அவர் எதைத் தட்டினாலும் கைப்பேசி அவர் குரலிலேயே பேசும்.

அண்ணன் செந்தூரன், இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலையா, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போவோம் என்று சொன்னதும், என் அப்பாவின் குரலை யாரோ ஒருவன் வந்து பிடித்துத் தர வேண்டுமா என்று தாரா சண்டை போட்டதும் பதினோராவது அத்தியாயம்.

சண்டையில் தாராதான் ஜெயித்தாள்.

*

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தில் தாரா மட்டும்தான் இருந்தாள். குரலைப் பழக்குகிற வேலைக்கு அலுவலகத்துப் பெரிய கணினிதான் சரிப்படும் என்பதால் முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே அப்பாவின் கைப்பேசியிலிருந்து அறுநூறு கோப்புகளையும் எடுத்து வைத்தாயிற்று. எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்லாவற்றிலும் பச்சை டிக் இருந்தது. ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. நேரமில்லாமல் இல்லை. அடுத்த நாள் காணாமல் போகப் போகிற குரலை அன்றைக்குக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கோப்புகளைக் கணினிக்குக் கொடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒலி எதுவும் இல்லை என்று கணினி திருப்பித் தள்ளிவிட்டது.

முதல் கோப்பைத் திறந்தாள். சத்தமில்லை. இரண்டாவதையும் பத்தாவதையும் திறந்தாள். ஒலிபெருக்கியைக் கடைசி வரைக்கும் கூட்டி வைத்துக்கொண்டு முப்பதாவதைத் திறந்தாள். ஏர்கான் சத்தம்தான் கேட்டது. பிறகு கோப்பின் அளவைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு பைட். அடுத்ததும் நாற்பத்து நான்கு. அதற்கடுத்ததும் அதேதான்.

ஒலிக் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் இது இன்ன வகை ஒலி, இவ்வளவு வேகம் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதன் அளவு நாற்பத்து நான்கு பைட். குறிப்பு இருக்கிறது, ஒலி இல்லை. மேலே பெயர் எழுதி ஒட்டிய காலி டப்பா மாதிரி இருந்த ஐம்பது கோப்புகளைப் பார்த்தபிறகு மிச்சத்தைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.

தவறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தானே எழுதிய நிரல்தானே.

அப்பா பேசும்போது மைக்கிலிருந்து ஒலி துண்டு துண்டாக வந்து கைப்பேசியின் தற்காலிக நினைவில் சேரும். 'அடுத்தது' பொத்தானை அழுத்தியதும் ஆப் அதைக் கோப்பில் எழுத ஆரம்பிக்கும். எழுதுவது பின்னணியில் நடக்கும், இல்லாவிட்டால் திரை உறைந்துபோகும். ஆனால் ஒன்று உண்டு. பின்னணியில் எழுதி முடியும் வரை பொறுத்திருந்து, அதன்பிறகுதான் கோப்பை மூட வேண்டும். அப்படிப் பொறுத்திரு என்று நிரலில் ஒரு சொல் போட வேண்டும். முதலில் தாரா போட்டுத்தான் இருந்தாள்.

அதை எடுத்ததும் அவள்தான்.

எடுத்த காரணம் அப்பா. சண்முகரத்தினம் முப்பத்தைந்து வருடம் ரயில் நேர அட்டவணைப் பிரிவில் இருந்தவர். மூன்று நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிய கை அது. அவருடைய கைப்பேசியோ எட்டு வயதான கிழம். மாற்றித் தருகிறேன் என்றால் இது நன்றாகத்தானே இருக்கிறது என்பார். அந்தக் கைப்பேசியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான்கு வினாடி பொறுக்க வேண்டியிருந்தது. உன் ஆப் லேட் என்று முதல் நாளே தாராவுக்குப் புகார் வந்தது. இரண்டாம் நாள் பொறுமையிழந்து பொத்தானைத் தட்டித் தட்டி ஒரே வாக்கியத்தை மூன்று தடவை பதிந்து வைத்தார். சிவப்பு எழுத்தில் ஏதாவது எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைய வாசிப்பு அதோடு சரி. தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்து அலுவலகத்துக்கே போன் போடுவார்.

பாவம், அவருக்கு இருக்கிற கஷ்டம் போதாதா என்று நினைத்து ஒரு மதிய உணவு இடைவேளையில் பொறுத்திருக்கச் சொல்லும் அந்தச் சொல்லை எடுத்தாள். சிவப்பு எச்சரிக்கையையும் மறைத்துவிட்டாள். அதுவரை பதிந்திருந்த குளறுபடியை அழித்து, முதல் வாக்கியத்திலிருந்து அப்பாவை மறுபடி ஆரம்பிக்க வைத்தாள். பொத்தான் தொட்டவுடன் நகர்ந்தது. பதிந்ததைப் போட்டுக் கேட்டால் சத்தம் நன்றாகவே வந்தது, ஏனென்றால் அது கோப்பிலிருந்து வரவில்லை, தற்காலிக நினைவிலிருந்து வந்தது. அவளுடைய புதுக் கைப்பேசியில் சோதித்தபோது கோப்பும் ஒழுங்காகவே வந்தது. அது வேகமான கைப்பேசி, மூடுவதற்குள் எழுதி முடித்துவிட்டது. அப்பாவின் கிழட்டுக் கைப்பேசியால் முடியவில்லை. எழுத ஆரம்பிப்பதற்குள் கோப்பு மூடிக்கொண்டது. அந்தத் தவறை அறுநூறு தடவை அது சொல்லியிருக்கும். யாருக்கும் கேட்காதபடி செய்தவள் தாராவேதான்.

அந்தச் சொல்லை எடுத்த அன்றைக்குச் சாயந்தரம் அப்பா ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். இப்போது ஆப் சரியான நேரத்துக்கு ஓடுகிறது, நன்றி மகளே என்று. அதை மறுபடி எடுத்துப் படித்துவிட்டு தாரா மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

*

வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கழுத்துத் துளைக்கு மேல் மெல்லிய துணி கட்டியிருந்ததால் மேல் பித்தான்கள் இரண்டும் திறந்திருந்தன. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகச் சட்டையை அப்படித் திறந்து விட்டிருக்கிறார். மடியில் ஆஸ்பத்திரியில் வாங்கிய சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் இருந்தன.

அம்மா நேசம்மா சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கே எழுந்து குளித்துவிட்டார், இன்றைக்குக் குரல் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அம்மாவுக்குத் தூக்கமில்லாத களைப்பு என்று தாரா நினைத்துக்கொண்டாள்.

முடிந்ததா என்று அப்பா எழுதிக் காட்டினார்.

உண்மையைச் சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "இன்னும் ஓடிக்கிட்டிருக்குப்பா. பெரிய வேலை லா அது. டைம் எடுக்கும்."

அவர் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார். எத்தனை மணிக்கு?

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பார். இவருக்கு நேரம் வேண்டும். இரண்டு மணி என்று சொல்லிவைத்தாள். அவர் 2.00 என்று எழுதி, கீழே கோடு போட்டு, பலகையை எதிரே ஸ்டூலில் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

*

செந்தூரன் பன்னிரண்டரைக்குக் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் கொள்கலன்களைச் சரிபார்த்து வெளியே விடுகிற வேலை அவனுக்கு. வரும் வழியில் அப்பாவுக்கு இளநீரும் தங்கைக்குப் பிடித்த முறுக்கும் வாங்கி வந்திருந்தான். தாரா அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு கைப்பேசியுடையது என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பேசுவான், பேசட்டும், வாங்கிக்கொள்வோம் என்று அவள் காத்திருந்தாள். அவன் பேசவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"திட்டுண்ணா," என்றாள்.

"திட்டினா அப்பா குரல் வருமா?"

பிறகு இருவரும் தேட ஆரம்பித்தார்கள். வேறு எங்காவது அந்தக் குரல் இருக்காதா? அறுநூறு வாக்கியம் வேண்டாம், பத்து நிமிடம் கிடைத்தால்கூட ஏதாவது செய்து பார்க்கலாம் என்றாள் தாரா. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்றும் இல்லை. குரல் செய்தி அனுப்புவது மரியாதைக் குறைவு என்பது சண்முகரத்தினத்தின் கட்சி. கமா, முற்றுப்புள்ளியோடு தட்டித்தான் அனுப்புவார். செந்தூரனின் கல்யாண வீடியோவில் அப்பா வாயசைப்பது நன்றாகத் தெரிந்தது. மேலே நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. பெனாங்குக்குப் போன வீடியோவில் எல்லாரும் பேசினார்கள், கேமராவைப் பிடித்திருந்தவர் அப்பா, ஆனாலும் வாயைத் திறக்கவே இல்லை. மொத்தத்தில் கிடைத்தது ஒரு இருமலும், தள்ளி நில் என்ற ஒரு வார்த்தையும்.

இப்படியும் ஒரு மனிதர் உண்டா? எழுபத்தொரு வருடம் பேசியிருக்கிறார், எங்கும் ஒரு பதிவு இல்லை. தாராவுக்கு அவர்மேல்கூட ஒரு கணம் கோபம் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மோனோரெயில் போகிற சத்தம் கேட்டது. மணி ஒன்று இருபது.

"நீ எல்லா ஃபைலையும் பாத்தியா?" என்று திடீரென்று கேட்டான் செந்தூரன்.

"அம்பது பாத்தேன். எல்லாம் ஒண்ணுதான்."

"அறுநூறு பெட்டி எறங்குற எடத்துல அம்பத பாத்துட்டு நான் கையெழுத்துப் போட்டேன்னா, மறுநாள் எனக்கு வேல இருக்காது தாரா. எடு, மொத்தத்தையும் காட்டு."

மடிக்கணினியில் கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அவன் சுட்டியை வாங்கி, பெரியது மேலே வரும்படி அளவு வாரியாக வரிசைப்படுத்தினான்.

நாற்பத்து நான்கு என்று ஓடிய வரிசையின் உச்சியில் ஒரே ஒரு கோப்பு நின்றது. எண் நானூற்றுப் பதினெட்டு. அதில் முழுதாக ஒரு நிமிட ஒலி இருந்தது.

தாராவுக்கு உடனே புரிந்தது. ஒரு நிமிடம் ஆகியும் யாரும் 'அடுத்தது' பொத்தானைத் தொடாவிட்டால், ஆப் தானாகவே பதிவை நிறுத்தி, பொறுமையாக எழுதி முடித்து மூடிவிடும். நிரலின் அந்தப் பகுதியில் அவள் கை வைக்கவே இல்லை. அப்பா அன்றைக்கு வாசிக்கும்போது ஏதோ இடைஞ்சல் வந்திருக்கிறது, பொத்தானை அழுத்த மறந்திருக்கிறார். அந்த மறதியில் ஒரு நிமிடம் தப்பித்திருக்கிறது.

"இருக்குண்ணா," என்றாள். ஒரு நிமிடம் எதற்குக் காணும் என்பதெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தினாள்.

வீடியோக்களில் அப்பாவைத் தேடும்போது கூட்டி வைத்த ஒலி அப்படியே இருந்தது. கட்டியால் கரகரத்துப் போன அப்பாவின் குரல் அறை முழுக்க வந்தது.

"நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது, குடையை மறக்காதே."

அது திரையில் வந்த வாக்கியம். பிறகு நாற்காலி நகரும் சத்தம். தூரத்தில் அம்மாவின் குரல் ஏதோ கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. செந்தூரன் சிரிக்கத் தொடங்கியிருந்தான். அப்பா மறுபடி பேசினார். இந்தத் தடவை வாசிக்கவில்லை.

"பிள்ளைங்ககிட்ட சொல்ல வேணாம் நேசம். டாக்டர் சொன்னது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். இந்த ஆபரேஷன் மூச்சு விடுறதுக்குத்தான். நெஞ்சுல பரவினத எடுக்க முடியாதுன்னுட்டார். ஆறு மாசம், கூடிப்போனா எட்டு." ஒரு இருமல். "எனக்கு எதுக்கு கொரலு, சொல்லு. நான் என்ன பேசப் போறேன். நான் போனப்பறம் நீங்க மூணு பேரும் கேக்கறதுக்குத்தான் இந்தப் பிள்ளை இவ்வளவு பாடுபடுதுன்னு நெனச்சுக்கிட்டு வாசிக்கிறேன். அது தெரிஞ்சா தாரா ஒடைஞ்சு போயிடும். மொதல்ல இத முடிக்கட்டும்."

அம்மா அழுகிற சத்தம். அழாதே என்று அவர் சொன்னார். அதோடு ஒரு நிமிடம் தீர்ந்துவிட்டது.

செந்தூரன் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. தாரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசம் என்றாரே, எப்போதிலிருந்து? நானூற்றுப் பதினெட்டாவது வாக்கியம் என்றால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால். அப்படியானால் இப்போதே மூன்று வாரம் போய்விட்டது. அவள் மனம் இப்படித்தான் போனது. வேறெதையும் அதனால் நினைக்க முடியவில்லை.

கதவு திறந்தது. நேசம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்," என்றாள். "நான் என்ன செய்ய?"

அம்மா இரண்டு வாரமாகச் சிரிக்காததற்குக் களைப்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள் தாரா. அம்மாவிடம் போக வேண்டும், அவள் கையிலிருக்கும் கிண்ணத்தை வாங்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை. அப்பா விட்டுப்போக நினைத்தது அந்தக் குரலைத்தான். அதைக் காலிக் கோப்புகளாக்கி வைத்திருப்பவள் தான் என்பதை இனி அம்மாவுக்கும் சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்குப் பின்னால் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. சண்முகரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு யாருடைய துணையும் இல்லாமல் அவர் இத்தனை தூரம் நடப்பது இதுவே முதல் தடவை. வேகமாக நடந்ததில் கழுத்துத் துணி ஏறி இறங்கியது. கண்ணில் நீர். முகம் முழுக்கச் சிரிப்பு. சாத்திய கதவுக்கு வெளியே குரல் கேட்டிருக்கிறது, வார்த்தைகள் கேட்கவில்லை என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

பலகையைத் தூக்கிப் பிடித்தார். 2.00 என்பதை அழித்துவிட்டு அவசரமாக எழுதியிருந்தார். எப்போதும் போடுகிற முற்றுப்புள்ளிகூட இல்லை.

என் குரல்தானே
நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது
இன்னொரு தடவை போடு

செந்தூரன் தங்கையைப் பார்த்தான். நேசம்மா தரையைப் பார்த்தாள். சண்முகரத்தினம் மெதுவாக வந்து, கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாகக் கேட்க வேண்டும் என்று மடிக்கணினிப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார்.